விருத்தாம்பாளின் பெருங்காயம்

பிறந்த வீட்டிலேயே கிழவி என்று பெயர் சூட்டப்பட்ட பெண்கள் கடலூர்ப் பக்கம் ஏராளம். விருத்தாம்பாள் என்றால் முதிய அம்மை. விருத்தாசலத்து அம்மனின் பெயர். தொட்டிலில் கிடக்கும் குழந்தையை அப்படிக் கூப்பிட யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. வடலூரில் பிறந்து திருப்பாதிரிப்புலியூரில் வாழ்க்கைப்பட்ட நம் விருத்தாம்பாளும் நாற்பது வயதுவரை அதைப் பற்றி யோசித்ததில்லை. பெயரில் இருந்த முதுமை, மகளுக்கு நோய் கண்டபின் முகத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவள் அரசுப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளர். அவள் மேற்பார்வையில் வெந்த சோற்றைச் சாப்பிட்ட பிள்ளைகள் வளர்ந்து, மீசை வைத்து, டவுன் பஸ்ஸில் அவளுக்கு இடம் கொடுக்காமல் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஒட்டிய சத்து, அவள் பெற்ற ஒரே மகள் கயல்விழிக்கு மட்டும் ஒட்டவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கையில் அவளைப் பார்த்தவர்கள் ஐந்தாம் வகுப்பா என்று கேட்டார்கள். சாப்பிட்டாள், வயிறு உப்பியது, போயிற்று, மறுபடி பசித்தது. பசித்தவருக்குச் சோறு போடுவதற்கென்றே பேர் பெற்ற ஊரில் பிறந்தவள் விருத்தாம்பாள். சாப்பிட்டு முடித்த பிறகும் பசித்தபடி இருக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று அந்த ஊரிலும் அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

வளராவிட்டால் என்ன, குட்டையாக இருந்துவிட்டுப் போகிறாள் என்று விட முடியாததற்குக் காரணம் அப்பா அறிவழகன். மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருந்தான், தைப்பதெல்லாம் காக்கி. புதிதாகத் தேர்வான பெண் காவலர்கள் வந்து அளவு கொடுக்க விறைப்பாக நிற்பதை, கடை மூலையில் உட்கார்ந்து நாலு வயதிலிருந்து பார்த்தவள் கயல்விழி. போலீஸ் ஆகப் போகிறேன் என்று அன்று சொன்னாள். மற்ற பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு முறை தொழிலை மாற்றிக்கொண்டபோதும் இவள் மாற்றிக்கொள்ளவில்லை. அறிவழகன் தன் அளவு டேப்பில், காவலர் தேர்வுக்குப் பெண்களிடம் கேட்கும் உயரம் எதுவோ அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலை முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். மாதப் பிறப்பன்று மகளைக் கடை பீரோவில் சாய்த்து நிறுத்தி டேப்பைப் பிடிப்பான். முடிச்சு அவள் தலைக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், அசையாமல் இருந்தது.

டேப்பு பழசு, இழுத்துப்போயிருக்கும் என்று புது டேப் வாங்கினான். அதிலும் முடிச்சு அதே உயரத்தில் இருந்தது.

வயிற்றுப் போக்கும் சோகையும் சேர்ந்துகொண்டபோதுதான் சிதம்பரத்தில் டாக்டர் அந்தோணிசாமியிடம் போனார்கள். குழாய் விட்டுப் பார்த்தார், சதை கிள்ளி அனுப்பினார், ரத்தம் எடுத்தார். பிறகு மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

“சீலியாக்னு பேரு. கோதுமையில இருக்கற ஒரு புரதம் இவளுக்கு ஆகாது. சாப்பிட்டா, உடம்பே திரும்பித் தன் குடலைப் புண்ணாக்கிக்குது. உள்ள விரல் விரலா இருக்க வேண்டிய சவ்வு தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. சாப்பிடறது எதையும் அது பிடிச்சு வைக்கறதில்ல. அதான் வளரல.”

“என்னா பேருங்க சார்? சீலையா?” என்றான் அறிவழகன்.

“சீலியாக்.”

“தைக்கறவன் வீட்டுக்கு வர்ற வியாதியும் சீலையாத்தான் வருது, பாருங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த நிமிடம் விருத்தாம்பாள் சிரித்துவிட்டாள், நிம்மதியில்.

“கோதுமதானே சார்? நாங்க சோறு திங்கறவங்க. சப்பாத்தி எங்க மாமனாரு ஷுகருக்குத் திங்கறதோட சரி. நிறுத்திட்டாப் போச்சு.”

ஒரே வீட்டில் ஒருவருக்கு மருந்தாக வரும் தானியம் இன்னொருவருக்கு விஷம் என்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. கஷ்டமாகத் தோன்றவில்லை. பஞ்சாபில் பிறந்திருந்தால் அல்லவா கஷ்டம்!

டாக்டர் சிரிக்கவில்லை. “நல்லா கேளுங்கம்மா. வயசு பதிமூணு, இன்னும் பெரிய மனுஷி ஆகல. அது நமக்கு லாபம். எலும்பு நுனி இன்னும் தெறந்திருக்கு. குடல் சீக்கிரம் ஆறினா விட்டதை எட்டிப் பிடிச்சிடுவா. வயசுக்கு வந்தப்புறம் ஒண்ணு ரெண்டு வருஷம்தான் கெடைக்கும். எலும்பு மூடிடுச்சுன்னா அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது, வேற யாரும் பண்ண முடியாது.”

“போலீஸ் ஆவலாமா சார்?” என்று கயல்விழி கேட்டாள். மற்றதெல்லாம் அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

“மொதல்ல காயம் ஆறட்டும் பாப்பா. ஆறு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பாப்போம். கோதுமை நின்னுட்டா அந்த டெஸ்டுல எண்ணு எறங்கும். எறங்கினா உள்ள ஆறுதுன்னு அர்த்தம். நாம நம்ப வேண்டியது அந்த எண்ணைத்தான்.”

சாப்பிடக்கூடாதவை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். எந்த வடநாட்டு ஆஸ்பத்திரிக்காரர் எழுதினாரோ, பாதிப் பண்டங்களை விருத்தாம்பாள் கண்ணால் கண்டதில்லை. கண்டிருந்த மீதியை வீட்டைவிட்டுத் துரத்தினாள். ரவையும் கோதுமைதான் என்று அறிந்த அன்று, இத்தனை வருடம் கூடவே இருந்து உளவு பார்த்தவனைப் பார்ப்பதுபோல அந்த டப்பாவைப் பார்த்தாள். சேமியா போயிற்று, மைதா போயிற்று, பிஸ்கட் போயிற்று. மாமனாரின் சப்பாத்திக்குத் தனி அடுப்பு, தனிக் கல், அதுவும் பின்கட்டில். கிழவர் இரவு உணவுக்காகக் கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவர்போல ஒளிந்து வாழ வேண்டியிருந்தது.

மகளுக்குச் சோறு, சாம்பார், ரசம், மோர். சாம்பாரில் பெருங்காயம் மணக்கவில்லை என்றால் அது பருப்புத் தண்ணி என்பது விருத்தாம்பாளின் கட்சி. பள்ளிக்கூடத்து அண்டாவிலும் கடைசியில் அதைத் தன் கையால்தான் போடுவாள். வயிற்று வலிக்கும் அதுதான் மருந்து. கயல்விழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால், ஒரு டம்ளர் மோரில் தாராளமாகப் பெருங்காயத் தூளைக் கலக்கிக் கொடுப்பாள். குடித்ததும் ஏப்பம் வரும். வலி விட்ட மாதிரி இருக்கும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி சிதம்பரம். ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்தபோது எண் இறங்கவில்லை. அந்த எந்திரம் எவ்வளவு காட்டுமோ அதற்கு மேல் இருந்தது.

“எங்கயோ கோதுமை உள்ள போவுது,” என்றார் டாக்டர்.

“சத்தியமா இல்லீங்க சார். ரவகூட வீட்ல கெடையாது.”

டாக்டர் கயல்விழியைப் பார்த்தார். பார்வை என்றால் அன்பான பார்வைதான். “வெளியில ஏதாவது சாப்பிட்டியா பாப்பா? பப்ஸு, பன்னு, பரோட்டா?”

“இல்ல சார்.”

“எல்லாப் பிள்ளைங்களும் இப்படித்தான் சொல்லும்மா,” என்று தாயிடம் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அனுபவம் இருந்தது. அனுபவத்தில் இருக்கும் சிக்கல், அது பெரும்பாலும் சரியாகவே இருப்பதுதான்.

அன்று முதல் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் விசாரணை. விருத்தாம்பாள் புத்தகப் பையை உதறினாள்; உடையை மோந்து பார்த்தாள்; கூடப் படிக்கும் இரண்டு பெண்களை ஒற்றர்களாக வைத்தாள். அறிவழகன் தன் வாடிக்கையாளர்களிடம் தொழில் ரகசியம் கேட்டு வந்தான். ஒருவர் அதட்ட வேண்டும், ஒருவர் தட்டிக்கொடுக்க வேண்டுமாம். அதட்டும் வேலை மனைவிக்கு, தட்டிக்கொடுப்பது தனக்கு என்று பிரித்துக்கொண்டான். வீட்டில் ஏற்கெனவே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

“உண்மையச் சொல்லுடி. ஒண்ணும் செய்ய மாட்டேன்.”

“தின்னலம்மா.”

“அப்ப ரத்தம் பொய் சொல்லுதா?”

“அது என்னா சொல்லுதுன்னு எனக்கு எப்பிடிம்மா தெரியும்?”

“உனுக்கு வளரணும்னு ஆச இல்லடி. எங்களுக்குத்தான் இருக்கு. நாங்க வேணா வளந்து தொலைக்கறோம்.”

பல வாரங்கள் ஓடின. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால், சோற்றைப் பிசைந்தபடியே கயல்விழி சொன்னாள்.

“தின்னேன்.”

விருத்தாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள். “என்னாத்த?”

“பரோட்டா.”

“எங்க?”

“ஸ்டேஷனாண்ட.”

“யாரு கூட?”

“தனியாத்தான்.”

“சால்னாவோடவா?” என்று அறிவழகன் கேட்டான். தட்டிக்கொடுக்கும் தரப்பு கேட்க வேண்டிய கேள்விதான்.

“ஆமாப்பா. சால்னாவோட.”

சால்னா வந்தபிறகு சந்தேகத்துக்கு இடமேது? விருத்தாம்பாள் மகள் முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அது முழுக்க முழுக்க நிம்மதியில் வந்த அழுகை. பரோட்டா என்றால் நிறுத்திவிடலாம். மறுநாளே சிதம்பரத்துக்கு ஃபோன் போயிற்று. “நான் சொன்னேனே” என்றார் டாக்டர். குற்றவாளி ஒத்துக்கொண்டால் கோப்பை மூடிவிடுவது எல்லாத் தொழிலிலும் உள்ளதுதான். போலீஸாக ஆசைப்பட்ட ஒரு பெண், போலீஸ் வேலையைப் பற்றி அந்த வயதிலேயே அறிந்துகொண்டது அது ஒன்று.

இனி எண் இறங்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பள்ளிக்குக் கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் அம்மா. வலி வந்தால் மோர். ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நடராசர் கோயிலுக்குள் போனார்கள். விருத்தாம்பாள் கண்ணை மூடி எண் இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கையில் கயல்விழி காதருகே சொன்னாள்.

“ம்மா, சாமி கால்ல மெதி பட்டுக்கினு குள்ளமா ஒருத்தன் கெடக்கறானே, முயலகன். அவன் போலீஸுக்குப் போயிருந்தா எடுத்திருப்பாங்களா?”

“கும்புடுடி, பேசாம.”

“அவனத்தான் கும்புடறேன்.”

பதினைந்தாவது வயதில் கயல்விழி பெரிய மனுஷி ஆனாள். தாமதமானதால் உறவுக்கு இரட்டிப்புச் சந்தோஷம். வடலூரிலிருந்து விருத்தாம்பாளின் அண்ணன் கதிரவன் குடிசை கட்டப் பச்சை ஓலையோடு வந்தான். அண்ணி செல்லாயி உளுந்தும் நல்லெண்ணெயும் வெல்லமுமாக வந்தாள். விருத்தாம்பாள் தேம்பித் தேம்பி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்து வீட்டார் அவளைப் பாராட்டினார்கள். எலும்பு மூட ஆரம்பித்துவிட்டது என்பதை மஞ்சள் தண்ணீர் ஊற்ற வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? அதுவரை ‘இன்னும் ஆவலியே’ என்று ஊரே வருத்தப்பட்டது. அவள் ஒருத்திதான் தினமும் ‘இன்னிக்கும் ஆவல’ என்று சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் நாளே அடிவயிற்று வலியில் பிள்ளை துடித்தது. செல்லாயி அடுக்களைக்குள் நுழைந்து, பெருங்காயத்தை நெய்யில் பொரித்து, வெல்லத்தில் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக உருட்டினாள்.

“மாசா மாசம் மூணு நாளைக்கு இதக் குடு. வலி கிட்ட வராது.”

“இதுல கோதும கீதும ஏதாச்சும் சேந்திருக்குமா அண்ணி?”

“பெருங்காயத்துல ஏதுடி கோதும? உனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. நாளைக்குத் தண்ணியில கோதும இருக்கான்னு கேப்ப.”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். விருத்தாம்பாளும் சிரித்தாள். சரியான கேள்வியைக் கேட்டவள் அதற்காக வெட்கப்பட்ட நாள் அது.

இடையில் கொடுத்த ரத்தத்திலும் சரி, அடுத்த ரிப்போர்ட்டிலும் சரி, எண் எந்திரத்தின் எல்லைக்கு மேலேயே நின்றது.

இந்த முறை டாக்டர் அந்தோணிசாமி பரோட்டாவைப் பற்றிக் கேட்கவில்லை. நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினார். மருத்துவர்கள் மெதுவாகப் பேசினால் பயப்பட வேண்டும் என்பது மூவருக்கும் தெரியும். கோதுமையை நிறுத்தியும் ஆறாத வகை ஒன்று உண்டு, அது அபூர்வம், அது கெட்ட வழியில் போகக்கூடியது, மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், வேறு மருந்துகள் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு. நேத்து காலையில இருந்து இவ வாயில போனது எல்லாத்தையும் சொல்லுங்க. தண்ணி மொதக்கொண்டு.”

விருத்தாம்பாள் சொன்னாள். இட்லி, தேங்காய்ச் சட்னி. மத்தியானம் சோறு, முருங்கைக்காய் சாம்பார். “சாயங்காலம் வயித்த வலிச்சுது சார். மோருல பெருங்காயம் போட்டுக் குடுத்தேன். ராத்திரி ரசஞ்சோறு, அப்பளம்…”

“இருங்க. என்னா போட்டு?”

“பெருங்காயம் சார். வயித்து வலிக்குப் போடுவோமே.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஃபோனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டது அவருக்கே தெரியவில்லை.

“நம்ம வீட்டுப் பெருங்காய டப்பாவை எடு.”

“என்னாது?” என்றது ஒரு பெண் குரல். “க்ளினிக்ல இன்னிக்கு ஆளே வரலியா?”

“எடுத்து அதுல என்னா சேத்திருக்குன்னு படி.”

“கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல. சாம்பார் கீம்பார் வைக்கப் போறீங்களா… இருங்க. கோந்து. கோதுமை மாவு. அப்புறம் பெருங்காயம்.”

“கோதுமை மாவா? நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பாக்கறேன். பெருங்காயத்துக்கு முன்னாடியே போட்டிருக்கான். பேருதான் பெருங்காயம், உள்ள பாதி மாவு. இதுக்குப் போயி இவ்ளோ காசு. ஏங்க, எதுக்குக் கேக்கறீங்க?”

டாக்டர் ஃபோனை வைத்தார். அந்த அறையில் இருந்த நால்வரும் பிறந்ததிலிருந்து பெருங்காயம் தின்று வளர்ந்தவர்கள். ஒருவருக்கும் அது எதனால் ஆனது என்று கேட்கத் தோன்றியதில்லை. கலப்பில்லாத பெருங்காயம் பிசின் மாதிரி, காரமாக, தனியாகக் கிடைக்கும். கடையில் சாதாரணமாக விற்பது மாவு சேர்த்துக் கூட்டியது என்று டாக்டர் விளக்கினார். விளக்கும்போது தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

“கொஞ்சூண்டுதானே சார்?” என்றான் அறிவழகன். “ஒரு சிட்டிக.”

“தினமும் சாம்பாருல, ரசத்துல. போதாததுக்கு மோருல. இவளுக்கு அது ஜாஸ்தி.”

விருத்தாம்பாள் பேசியபோது குரல் யாரோ ஒருத்தியுடையது போல இருந்தது. “வலிச்சா குடுத்தேன் சார். வலி ஜாஸ்தியானா ஜாஸ்தி குடுத்தேன்.”

டாக்டர் வேறு பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காகவே கயல்விழியிடம் கேட்டார்: “நீ பரோட்டா சாப்ட்டேன்னு ஒத்துக்கிட்டியே பாப்பா?”

“சாப்புடல சார்.”

“பின்ன ஏன் சொன்ன?”

“சொன்னாத்தான் விட்டாங்க.”

“சால்னான்னு சொன்னியேடி,” என்றான் அறிவழகன், ஏமாற்றப்பட்டவன் குரலில்.

“நீதானப்பா கேட்ட. நான் ஆமான்னேன்.”

பெருங்காயம் என்ற சொல்லைப் பிரித்தால் பெரிய காயம் என்றும் படிக்கலாம். தமிழ் வாத்தியார்களுக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு அது. விருத்தாம்பாளுக்கு அந்த விளையாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கடலூர் வரைக்கும் பஸ்ஸில் அவள் வாய்க்குள் அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் பெருங்காயம் நின்றது. பிசின் பெருங்காயம் வாங்கித் தருகிறேன், சுத்தம், நான் பொறுப்பு என்று மளிகைக் கடை பழனிவேல் சொன்னான். பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கடையை விட்டு இறங்கி வந்துவிட்டாள். மணமில்லாத சாம்பாரை அறிவழகன் முகம் சுளிக்காமல் தின்றான். பள்ளிக்கூட அண்டாவில் மட்டும் அவள் கை எப்போதும்போலப் போட்டது. அங்கே சாப்பிட்ட பிள்ளைகள் எப்போதும்போல வளர்ந்தன.

கயல்விழியின் வயிறு சில வாரங்களில் அடங்கியது. முகத்தில் ரத்தம் ஏறியது. முடி கொட்டுவது நின்றது. பசி, சாப்பிட்டால் போயிற்று. ஒரு மாதப் பிறப்பில் அறிவழகன் கடையிலிருந்து கத்தினான்: முடிச்சு கீழே இறங்கிவிட்டது! முடிச்சு இறங்கவில்லை, தலைதான் ஏறியிருந்தது. ஆனால் அவன் சொன்னது அப்படித்தான். சாண் இடைவெளி நாலு விரலாயிற்று. பிறகு மூன்று விரல். அந்த மாதங்களில் விருத்தாம்பாள் நம்பத் தொடங்கினாள். அவள் செய்த தவறுகளில் அதையும் சேர்க்க வேண்டும். மூன்று விரலில் முடிச்சு நின்றது. அடுத்த மாதம் மூன்று விரல். அதற்கடுத்த மாதமும் அதேதான். அறிவழகன் அளக்க மறந்ததுபோல இருந்தான், மகளும் நினைவூட்டவில்லை.

வருடாந்திர டெஸ்டுக்குத் தாயும் மகளும் மட்டும் போனார்கள். ரத்தம் முன்பே கொடுத்தாகிவிட்டது. கை எலும்பைப் படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் உள்ளே நுழையும் முன்பே டாக்டர் அந்தோணிசாமி எழுந்து நின்றார்.

“நார்மல்! மொதத் தடவையா நார்மல். காயம் ஆறிடுச்சும்மா. இப்படி ஒரு ரிப்போர்ட்டுக்குத்தான் நான் இத்தினி வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன்.”

உண்மையில் அவருக்குச் சந்தோஷம். தன் தவறையும் ரிப்போர்ட் மன்னித்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் நீட்டினார். விருத்தாம்பாள் எண்ணைப் பார்த்தாள். இத்தனை நாள் நம்பச் சொன்ன எண், கடைசியில் சொன்ன பேச்சைக் கேட்டுக் கீழே இறங்கி, அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

“படம் பாத்தீங்களா சார்?” என்றாள்.

அவர் எலும்புப் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். பார்க்க வேண்டியதைவிட நீண்ட நேரம் பார்த்தார்.

“மூடிடுச்சும்மா.”

“முழுசாவா சார்?”

“முழுசா.”

“மூணு வெரல்தான் சார். மூணே வெரலு.”

“இனிமே இவ ஆரோக்கியமா இருப்பா. அத நெனைங்க. அந்த இன்னொரு வகையோன்னு நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? அது இல்ல. எலும்பு பலமாகும். கல்யாணம், கொழந்த, எதுக்கும் கொறை இருக்காது.”

“ஆரோக்கியமா, குட்டையா,” என்றாள் கயல்விழி. குரலில் கோபம்கூட இல்லை. சரிபார்த்துக்கொள்வதுபோல் சொன்னாள்.

விருத்தாம்பாள் கிளம்ப எழுந்தவள், கதவருகே நின்று கேட்டாள். “மொத வருஷமே பெருங்காயத்த நிறுத்தியிருந்தா, சார்?”

“சொல்ல முடியாதும்மா,” என்றார் அவர்.

தமிழில் அதற்கு இரண்டு பொருள். தெரியாது என்பது ஒன்று. தெரியும், ஆனால் வாய் வரவில்லை என்பது இன்னொன்று. எது என்று அவள் கேட்கவில்லை.

“வருஷத்துக்கு ஒரு தடவ மறக்காம வாங்க. அடுத்த தடவையும் டெஸ்ட் எடுத்துருவோம்,” என்று முதுகுக்குப் பின்னால் அவர் குரல் வந்தது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் எப்போதும்போல் இருந்தது. ஓரத்துக் கடையில் ஒருவன் கல்லின்மேல் பரோட்டாக்களை அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தான். சால்னா வாசனை பஸ்ஸுக்கு நிற்பவர்களை ஒவ்வொருவராக இழுத்தது. விருத்தாம்பாள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“வாங்கித் தரட்டுமா?”

“என்னாத்த?”

“பரோட்டா. தின்னாமயே அடி வாங்கினியே. ஒருவாட்டி தின்னுடு. இனிமே அது எதக் கெடுத்துடப் போவுது?”

கயல்விழி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கல்லைப் பார்த்தாள். அம்மா விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் பயந்தவளாகத் தெரிந்தாள்.

“வேணாம்மா. நார்மல்னு வந்திருக்குது. அது ஒண்ணுதான் வந்திருக்குது.”

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பும்போது அறிவழகனின் ஃபோன்.

“என்னா ஆச்சு?”

“நார்மல்.”

“நார்மலா! அப்பாடா. நான் சொன்னனா இல்லியா? அப்ப படம்?”

விருத்தாம்பாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். “காயம் ஆறிடுச்சாம்,” என்றாள்.

“அத கேட்டுட்டேன். படம் என்னா சொல்லுது?”

“ஆறிடுச்சாம்ங்க.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் சத்தம் நின்றது. யாரோ ஒரு பெண் தன் சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்பது கேட்டது. “சாயங்காலம் வாங்க மேடம்,” என்று அவளுக்குச் சொன்னான் அறிவழகன். பிறகு ஃபோனில், “சரி. பாத்து வாங்க,” என்றான்.

பஸ் வெள்ளாற்றைத் தாண்டியது. கயல்விழி ரிப்போர்ட் கவரை மடியில் வைத்து, காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“ம்மா, அடுத்த வருஷமும் வரணுமா?”

“வரணும்னுதானே சொன்னாரு.”

“எதுக்கு?”

விருத்தாம்பாள் யோசித்தாள். “ஆறினது ஆறினபடியே இருக்குதான்னு பாக்கறதுக்கு.”

கயல்விழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.